எண்ணிப் பார்த்தவர்கள்

பாரிசு மாநகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி. மருத்துவமனைக் கட்டிலிலே ஒருவன் கிடக்கிறான். நெஞ்சிலே சளி, உடலெங்கும் காய்ச்சல், மூச்சு முட்டுகிறது. மருத்துவர் வருகிறார், மாணவர் படை பின்தொடர்கிறது. முழங்கை மடிப்பிலே இரத்தக் குழாய் கீறப்படுகிறது. கிண்ணம் நிறைகிறது. நோயாளி வெளுக்கிறான், காய்ச்சல் சற்றே தணிகிறது, மருத்துவர் மாணவர்களை நோக்கிப் புன்னகை புரிகிறார். மறுநாள் மற்றொரு கிண்ணம். அதற்கும் அடுத்த நாள் அட்டைகள்!

இதனைச் செய்தவர் ஊர்க்கோடியிலே உடுக்கை அடிக்கும் பூசாரி அல்லர். பட்டம் பெற்றவர், பன்மொழி கற்றவர், பழைய நூல்களைப் பக்கம் பக்கமாய் ஒப்புவிக்க வல்லவர். உடலில் ஓடும் நால்வகை நீர்மங்கள் நிலைகுலைவதே நோய் என்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலே காலென் எனும் கிரேக்க மருத்துவர் எழுதி வைத்தார். மிகையான குருதியை வெளியேற்றினால் சமநிலை மீளும் என்றனர் அவர் வழி வந்தோர். காலென் சொன்னார், ஆசான் ஒப்பினார், ஆகவே நானும் கீறுகிறேன்! பதினாறு நூற்றாண்டுக் காலம் இந்தக் கத்திக்கு எதிர்க்கேள்வி கேட்டோர் மிகச் சிலரே. பாரிசிலே புரூசே என்ற புகழ்மிக்க மருத்துவர், நோய்கள் பெரும்பாலும் குடலின் அழற்சியிலிருந்தே கிளைக்கின்றன என்று முழங்கினார். அட்டை கடிக்க விடுவதே அதற்கு மருந்து என்றார். முழக்கத்தின் வலிமையைப் பாருங்கள்: 1833ஆம் ஆண்டில் மட்டும் பிரெஞ்சு நாடு 4 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளை வெளிநாடுகளிலிருந்து வரவழைத்தது.

அமெரிக்க விடுதலைப் போரிலே வெற்றி கண்ட வாஷிங்டன், 1799ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் தொண்டை நோயால் மூச்சுத் திணறிப் படுத்திருந்தார். அந்த ஒரே நாளில் பலமுறை குருதி வடித்தனர். அன்றிரவே அவர் மாண்டார். கத்திதான் அவரைக் கொன்றது என்று அடித்துச் சொல்லிவிட முடியுமா? முடியாது. கீறாமல் விட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்பதற்கு என்ன சான்று? ஒரே மனிதனை ஒரே நாளில் கீறியும் கீறாமலும் பார்க்க இயலாதே! மருத்துவத்தின் முழுச் சிக்கலும் இந்த இடத்தில்தான் முடிச்சிட்டுக் கிடந்தது. முடிச்சை அவிழ்க்க அறியாதவர்கள் அதன்மீது ஏறி அமர்ந்துகொண்டார்கள். பிழைத்தால் கைராசி, இறந்தால் தலைவிதி! இந்த இரண்டு சொற்கள் கையில் இருக்கும்வரை எந்த மருத்துவனுக்கும் தோல்வி என்பதே கிடையாது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று நம் நாட்டிலே வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்த ஆயிரத்தை எண்ணியவன் யார்?

ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று எவருக்குமே தோன்றவில்லையா? தோன்றிற்று. 1747ஆம் ஆண்டு சாலிஸ்பரி என்ற ஆங்கிலப் போர்க்கப்பலிலே, ஈறு அழுகி உடல் தளரும் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராய் ஆறு கூறாக்கி, ஆறு வகை மருந்து தந்தார் ஜேம்ஸ் லிண்ட். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே விரைவில் எழுந்து நடமாடினர். 1753இல் நூலும் எழுதினார். ஆங்கிலக் கடற்படைத் தலைமை தன் மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு தர ஆணையிட்டது 1795இல்! இடையிலே செத்தவர்களுக்கு யார் கணக்குச் சொல்வது?

பாரிசுக்கே திரும்புவோம். பியர் லூயி என்று ஒருவர். உருசிய நாட்டிலே மருத்துவம் செய்தவர். தொண்டை அடைப்பான் என்ற கொள்ளை நோய் குழந்தைகளை வாரிச் சென்றபோது தான் கற்ற கல்வி ஒன்றுக்கும் உதவாதது கண்டு மனம் நொந்தவர். பாரிசு திரும்பினார். காசு வரும் தொழிலை விட்டார். ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைக் கட்டில்களுக்கிடையே நடந்தார், கண்டதையெல்லாம் குறித்தார், மாண்டவர் உடலை அறுத்துப் பார்த்தார், குறிப்புகளை எண்ணினார். வேறொன்றும் செய்தாரில்லை. எண்ணினார்!

நுரையீரல் அழற்சி கண்ட 77 நோயாளிகள் அவர் கணக்கிலே வந்தனர். நோய் தொடங்கிய முதல் 4 நாள்களுக்குள் குருதி வடிக்கப்பட்டோர் 41 பேர். அவர்களில் மாண்டோர் 18. ஐந்தாம் நாளுக்கும் ஒன்பதாம் நாளுக்கும் இடையே வடிக்கப்பட்டோர் 36 பேர், மாண்டோர் 9. முன்னதிலே 44 விழுக்காடு, பின்னதிலே 25 விழுக்காடு. தொடக்கத்திலேயே கீறினால் நோய் கழுத்து நெரிபட்டுச் சாகும் என்று மேடைதோறும் முழங்கினார்களே, அவர்களுக்கு 1835இல் வெளிவந்த இந்தச் சிறு பட்டியல் இடியாக விழுந்தது.

ஆனால் அவசரப்பட வேண்டாம். நமக்கு உவப்பான கணக்கு என்பதற்காக அப்படியே விழுங்கிவிடுவது பகுத்தறிவாகாது. ஐந்தாம் நாள் கத்திக்கு வந்தவன், முதல் நான்கு நாள்களைத் தாண்டி உயிரோடு வந்தவன் அல்லவா? இரண்டாம் நாளே மாண்டவன் இந்தக் கூட்டத்திலே இடம்பெற வழியேது? ஆகவே இரு கூட்டமும் ஒரே தரத்தன அல்ல. உடல் வலுவிலே, நோயின் கடுமையிலே வேறுபாடு இருந்திருக்கக்கூடும். பிழைத்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், முன்பே வடிக்கப்பட்டோர் ஏறக்குறைய 3 நாள் முன்னதாக நலம் பெற்றனர் என்பதும் லூயியின் ஏட்டிலேயே இருக்கிறது. அதையும் அவர் மறைக்கவில்லை. வாழ்த்துரைத்த அளவுக்குக் குருதி வடித்தலில் சரக்கில்லை என்பதே அவர் கண்ட முடிவு. அதற்கு மேல் ஓரடி எடுத்து வைக்கவும் இல்லை. அந்த அடக்கத்தை நான் அவருடைய எண்களைக் காட்டிலும் பெரிதாக மதிக்கிறேன்.

எதிர்ப்புக் கிளம்பியது. 1837இல் பாரிசு மருத்துவக் கழகத்திலே ரிசுவேனோ தமாதோர் என்பவர் எழுந்தார். மருத்துவன் முன்னே இருப்பவன் தனி மனிதன். அவனைச் சராசரிக்குள் அடைப்பதா, மருத்துவக் கலையைச் சூதாட்டக் கணக்காக்குவதா என்று சீறினார். கேட்பதற்கு இனிக்கும் வாதம். ஒவ்வொரு நோயாளியும் தனித்தனி என்று பேசியவர்கள், ஒவ்வொரு நோயாளிக்கும் நீட்டியது ஒரே கத்தியைத்தான் என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள்! 1840இல் ஜூல் கவாரே என்ற இளைஞர் வேறு திசையிலிருந்து வந்தார். 77 போதாது, நூற்றுக்கணக்கில் வேண்டும். எண்ணிக்கை சிறிதாயின் தற்செயலே நம்மை ஏமாற்றிவிடும். அந்த ஏமாற்றத்தின் எல்லையையும் கணக்கிட்டே சொல்லவேண்டும் என்று நூல் எழுதினார். எண்ணுவதை எதிர்த்தவரைவிட, இன்னும் கூர்மையாக எண்ணு என்றவரே லூயிக்கு உண்மையான துணைவர்.

எண்ணினால் போதாது, ஒத்த இரு கூட்டங்களை எண்ணவேண்டும் என்பது விளங்கிற்று. ஒத்த கூட்டங்களை எப்படிப் பிரிப்பது? விடை மருத்துவமனையிலிருந்து வரவில்லை. பீர் வடிக்கும் ஆலையிலிருந்தும், பயிர் விளையும் வயலிலிருந்தும் வந்தது! டப்ளின் நகரின் கின்னஸ் ஆலையிலே பணிபுரிந்த வில்லியம் கோசெட், சில மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்பதற்கு 1908இல் ஒரு கணக்குமுறை கண்டார். ஆலையின் கட்டுப்பாடு காரணமாகச் சொந்தப் பெயரை வெளியிடாமல், 'மாணவன்' என்ற பொருளுடைய புனைபெயரில் எழுதினார். இன்றளவும் புள்ளியியல் நூல்களிலே அது 'மாணவனின் சோதனை'தான்.

வயலுக்குரியவர் ரொனால்டு பிஷர். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்துக்கு 1919இல் வந்தார். புதிய உரம் ஒன்றைச் சோதிக்கவேண்டும். உழவன் என்ன செய்வான்? நல்ல மண்ணாகப் பார்த்து உரமிடுவான், விளைச்சல் கூடும், உரத்தைப் புகழ்வான். மண் செய்த வேலைக்கு உரம் மாலை வாங்கிக்கொள்ளும்! எந்தப் பாத்திக்கு உரம், எந்தப் பாத்திக்கு இல்லை என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள் என்றார் பிஷர். அப்போது நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் இரு பக்கமும் கலந்து விழும். அப்படியும் தற்செயலாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தால்? எவ்வளவு சாய்வு எத்தனை தடவைக்கு ஒரு தடவை நேரும் என்பதைக் கணக்கிடலாம். ஏனெனில் குலுக்கியது நாம். உரத்தால் ஒரு பயனும் இல்லாதபோதும் இருபதில் ஒரு முறைக்குமேல் நேராத அளவுக்கு வேறுபாடு தெரிந்தால், அதனைக் கருத்தில் கொள்ளத் தக்கது என்றார். அந்த இருபதில் ஒன்று இயற்கையின் சட்டமன்று. வசதிக்காக அவர் போட்ட கோடு. பின்வந்தோர் அதனை வேதவாக்காக்கியது வேறு கதை. இதே பிஷர், பின்னாளிலே புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை மறுத்துப் பேசினார். புகையிலை உற்பத்தியாளருக்கு ஆலோசகராகவும் இருந்தார். மேதையாயினும் அவர் சொல்லையும் எண்ணித்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.

வயலிலிருந்து குலுக்குச் சீட்டைக் கட்டிலண்டை கொண்டுவந்தவர் பிராட்போர்டு ஹில். மருத்துவராக ஆசைப்பட்டவர். முதல் உலகப்போரிலே படைப்பணி சென்ற இடத்தில் காசநோய் பற்றிக்கொண்டது. பிழைப்பதே அரிது என்று கைவிட்டனர். பிழைத்தார். மருத்துவப் படிப்புக்கு உடல் இடங்கொடுக்கவில்லை, பொருளியல் படித்தார், புள்ளியியலுக்கு வந்தார். மருத்துவராக முடியாத அந்தக் காசநோயாளியே, காசநோய்க்கு மருந்து உண்டா இல்லையா என்று தீர்ப்பளிக்கும் முறையை வகுத்தார்!

ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் அமெரிக்காவிலே கண்டெடுக்கப்பட்டது. போர் முடிந்து நொடித்துக் கிடந்த இங்கிலாந்திலே டாலருக்குப் பஞ்சம். மருந்து கிடைத்ததோ சிறிதளவு. எல்லோருக்கும் கொடுக்க வழியில்லை. யாருக்குக் கொடுப்பது? பணம் படைத்தவனுக்கா? மருத்துவரின் உறவினனுக்கா? பிழைக்கக்கூடியவன் என்று தோன்றுபவனுக்கா? மூடி முத்திரையிட்ட உறைகளுக்குள் குலுக்கல் எண்களின்படி சீட்டுகள் வைக்கப்பட்டன. நோயாளியைச் சேர்த்துக்கொள்வதென முடிவு செய்த பின்னரே உறை பிரியும். அடுத்த உறையில் என்ன இருக்கிறது என்று எந்த மருத்துவரும் அறியார்.

நம் நாட்டிலேயும் சீட்டு உண்டு. திருமணமா, தொழிலா, கோவிலுக்குச் சென்று பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ வந்தால் ஒன்று, சிவப்புப் பூ வந்தால் மற்றொன்று. அங்கே சீட்டை எடுப்பது ஆண்டவனின் விருப்பத்தை அறிய. ஹில்லின் சீட்டோ, யாருடைய விருப்பமும் உள்ளே நுழையாமல் தடுக்க! மருத்துவரின் ஆசை, நோயாளியின் செல்வாக்கு, ஆய்வாளரின் நம்பிக்கை ஆகிய அனைத்தையும் வாசலிலேயே நிறுத்திய காவற்காரன் அந்த உறை.

மொத்தம் 107 பேர். 55 பேருக்குப் படுக்கை ஓய்வும் ஸ்ட்ரெப்டோமைசினும். 52 பேருக்கு அன்றைய வழக்கமான படுக்கை ஓய்வு மட்டும். எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டோருக்கு எது யாருடைய படம் என்று சொல்லப்படவில்லை. ஆறு திங்கள் கழிந்தன. மருந்து பெற்றோரில் மாண்டவர் 4, பெறாதோரில் 14. மருந்துக்கு ஆற்றலே இல்லையென்று வைத்துக்கொண்டால், சீட்டின் விளையாட்டால் மட்டும் இவ்வளவு வேறுபாடு தோன்றும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்று கணக்குக் கூறிற்று. 1948 அக்டோபர் 30ஆம் நாள் பிரிட்டிஷ் மருத்துவ ஏட்டிலே அது வெளிவந்தது. மருந்து பெற்றோரில் பலரிடம் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிட்டது என்ற கசப்பான செய்தியையும் அதே ஆய்வு சொன்னது. அதனாலேயே அடுத்த சோதனையில் இரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமியின் தப்பியோட்டம் பெரிதும் தடைபட்டது.

அந்தச் சீட்டு எட்டு ஆண்டுகளுக்குள் சென்னைக்கு வந்தது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை கூடிக் காசநோய் வேதிமருத்துவ மையத்தை இங்கே நிறுவின. காசநோய் என்றால் அன்று என்ன பொருள்? மலைக்காற்று, பால், முட்டை, ஓராண்டு ஓய்வு, சானடோரியத்திலே ஒரு கட்டில். கட்டில்கள் எத்தனை? நோயாளிகள் எத்தனை? குடிசையிலே இருமிக்கொண்டிருந்த கூலிக்காரனுக்கு அந்தப் பட்டியல் முழுவதும் எட்டாக் கனி. வீட்டிலேயே மருந்து கொடுத்தால் என்ன என்று கேட்டால், பட்டினி வயிற்றிலே மருந்து பலிக்குமா, வீட்டார்க்கும் தொற்றிவிடாதா என்று அஞ்சினர் அறிந்தோர். அச்சம் நியாயமானதுதான். ஆனால் அதையும் யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

சென்னை நகரின் ஏழை நோயாளிகள் 193 பேர் சேர்க்கப்பட்டனர். சீட்டு விழுந்தபடி ஒரு பாதியினர் சானடோரியத்துக்கு, மறு பாதியினர் தத்தம் வீட்டுக்கு. இருசாராருக்கும் அதே இரு மருந்து, ஓராண்டுக் காலம். சானடோரியத்தில் இருந்தோர் நல்ல உணவு உண்டனர், ஓய்வு கொண்டனர், செவிலியர் கவனித்தனர். வீட்டில் இருந்தோர் குறைவாக உண்டனர். பலர் நடமாடி உழைத்தனர். ஆண்டு முடிவில் கிருமி அடங்கி நோய் தணிந்தோர் சானடோரியத்தில் 92 விழுக்காடு. வீட்டில் 86 விழுக்காடு. பாலும் முட்டையும் மலைக்காற்றும் சேர்ந்து பெற்றுத்தந்த வேறுபாடு இவ்வளவே! வீட்டாருக்குத் தொற்று கூடுதலாகப் பரவியதா என்று ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். இருசாரார் குடும்பங்களிலும் அப்படி ஒரு வேறுபாடு தென்படவில்லை. 1959இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஏட்டிலே முடிவு வெளிவந்தது. உலகெங்கும் காசநோயாளிகளைக் கட்டிலிலிருந்து விடுவித்து வீட்டிலேயே மருந்துண்ண வைத்த மாற்றத்துக்கு, சென்னைச் சேரிகளின் அந்த 193 பேரே சான்று.

விரும்பாத விடையும் இங்கேதான் கிடைத்தது. காசநோய்த் தடுப்பூசியாகிய பி.சி.ஜி. பற்றி 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்திலே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் பெருஞ்சோதனை தொடங்கிற்று. ஒரு சாராருக்கு ஊசி மருந்து, மற்றொரு சாராருக்கு மருந்தில்லா ஊசி. நுரையீரல் காசநோயைத் தடுக்கும் ஆற்றல் அங்கே தென்படவில்லை என்று 1979இல் முதல் அறிக்கை வந்தது. எத்தனை பேருக்கு ஏமாற்றம்! எனினும் அச்சிட்டார்கள். குழந்தைகளைக் கொடிய மூளைச்சவ்வுக் காசநோயிலிருந்து காக்க அவ்வூசி இன்றும் பயன்படுகிறது. எதற்குப் பயன், எதற்கு இல்லை என்ற எல்லைக்கோடு அத்தகைய கணக்குகளால் கிட்டியது.

கணக்கு என்றதும் கூட்டல் கழித்தல் என்று எண்ணிவிடக்கூடாது. ஒரே ஒரு தொல்லையைச் சொல்கிறேன். பத்து நோயாளிகள். இரண்டாம் திங்களில் ஒருவர் இறக்கிறார். மூன்றாம் திங்களில் இருவர் ஊரைவிட்டே போய்விடுகிறார்கள். இருக்கிறார்களா, இல்லையா, செய்தி இல்லை. நான்காம் திங்களில் இன்னொருவர் இறக்கிறார். பிழைத்தோர் எத்தனை விழுக்காடு? போன இருவரையும் செத்தவராகக் கொண்டால் 60. பிழைத்தவராகக் கொண்டால் 80. ஆசைக்கேற்ப விடையை வளைக்கலாம்! எட்வர்ட் கப்ளான், பால் மெயர் என்ற இருவர் 1958இல் வழி சொன்னார்கள். ஒவ்வொரு சாவு நேரும்போதும் அந்நாளில் கண்முன் இருந்தவர் எத்தனை பேர் என்று பார். முதலில் பத்தில் ஒன்பது. பின்னர், இருவர் போய்விட்டமையால் எஞ்சிய ஏழில் ஆறு. இரண்டையும் பெருக்கு: 77 விழுக்காடு. போனவர் இருந்த நாள்வரை சான்று சொன்னார். போனபின் அவர் பெயரால் எவரும் பொய்ச்சான்று சொல்லவில்லை. கப்ளான் இதனைத் தேடியது கடலடித் தொலைபேசிக் கம்பியின் வெற்றிடக் குழல்கள் எத்தனை நாள் உழைக்கும் என்று அறிய. மெயர் தேடியது புற்றுநோயாளிகளுக்காக. தனித்தனியே எழுதி ஒரே ஏட்டுக்கு அனுப்பினர். ஆசிரியர் இருவரையும் இணைத்துவைத்தார்.

மருந்தை ஒழுங்காக உட்கொண்டவர்களை மட்டும் கணக்கெடுத்தால் என்ன என்று கேட்போர் உண்டு. நியாயம்போலத்தான் தோன்றும். 1980இல் அமெரிக்காவிலே இதய நோய் பற்றிய பெரிய ஆய்வொன்று இதற்கு மறக்கமுடியாத விடை தந்தது. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை ஒழுங்காக விழுங்கியோரில் ஐந்தாண்டில் மாண்டவர் 15 விழுக்காடு. ஒழுங்கில்லாதோரில் ஏறக்குறைய 25 விழுக்காடு. மருந்தின் மகிமை என்று கொட்டு முழக்கலாமா? பொறுங்கள்! மருந்தே இல்லாத வெற்று மாத்திரை பெற்றோர் கணக்கையும் பார்த்தார்கள். வெற்று மாத்திரையை ஒழுங்காக விழுங்கியோரில் மாண்டவர் 15 விழுக்காடு. ஒழுங்கில்லாதோரில் 28 விழுக்காடு! ஒழுங்காக விழுங்குபவன் வேறு பல வகையிலும் ஒழுங்கானவன், அல்லது நலிவு குறைந்தவன், அவ்வளவே. சீட்டு யாரை எந்தப் பக்கம் நிறுத்தியதோ, அவரை அந்தப் பக்கத்திலேயே எண்ணவேண்டும் என்ற விதியின் அருமை அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

இன்னொரு சோதனை நெஞ்சை நடுக்குவது. மாரடைப்பிலிருந்து பிழைத்தவரின் இதயம் இடையிடையே தப்புத் துடிப்பு துடிக்கும். அத்தகையோர் திடீரென மாள்வதும் உண்டு. துடிப்பை அடக்கினால் சாவை அடக்கலாம் என்று முடிவு கட்டினர். என்கைனைடு, பிளெகைனைடு என்ற மருந்துகள் துடிப்பை அடக்கின. மருத்துவர்கள் வாரி வழங்கினர். வெற்று மாத்திரையோடு ஒப்பிடுவது கொடுமையல்லவா என்றும் சிலர் தயங்கினர். ஒப்பிட்டார்கள். மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் மாண்டனர். வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர். துடிப்பு அடங்கியது, உயிரும் அடங்கியது! 1989இல் சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. பாரிசின் கிண்ணத்துக்கும் இந்த மாத்திரைக்கும் நடுவே ஒன்றரை நூற்றாண்டு. நம்பிக்கையின் உறுதியிலே வேறுபாடு ஒன்றையும் நான் காணவில்லை. எண்ணிப் பார்க்கும் ஏற்பாடு இம்முறை கையருகில் இருந்தது.

இத்தனை கணக்கையும் போடுவது யார்? பிஷரின் மேசைமேல் கையால் சுழற்றும் பொறி ஒன்று இருந்தது. அதன் பெயர் 'மில்லியனேர்', அதாவது கோடீசுவரன்! அதைச் சுழற்றிச் சுழற்றிக் கை ஓய்ந்தால் ஒரு பட்டியல் முடியும். 1961இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் மருத்துவக் கணக்குக்கென்றே கணிப்பொறி நிரல்களைத் தொகுத்தனர். 1966இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்திலே வேளாண் புள்ளிகளை அலசுவதற்காக 'சாஸ்' தொடங்கிற்று. 1976இல் தனி நிறுவனமாகி, மருந்து நிறுவனங்களின் கணக்கறைகளை ஆட்கொண்டது. மறுபடியும் வயலிலிருந்துதான்! பணம் கட்டியே பயன்படுத்தவேண்டிய பொருள் அது. 1990களில் நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்திலே ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் இருவரும் 'ஆர்' என்ற ஓரெழுத்து மென்பொருளை ஆக்கினர். 1995இல் அதன் உள்நிரல் முழுவதையும் திறந்து வைத்து, எவரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று விட்டுவிட்டனர். கட்டணமும் இல்லை, கற்போருக்குக் கதவடைப்பும் இல்லை. குறிப்பிட்ட மென்பொருளைத்தான் பயன்படுத்தவேண்டும் என்று தாங்கள் கட்டாயப்படுத்தவில்லை என 2015இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் தெளிவாக்கிற்று. ஆர்வமுள்ள மாணவன் எவனும் கப்ளான், மெயரின் வளைகோட்டை இன்று தன் வீட்டுக் கணிப்பொறியிலே நொடியில் வரையலாம்.

நொடியில் வரையலாம் என்பதிலேதான் ஆபத்தும் இருக்கிறது, தோழர்களே! கையால் சுழற்றியவன் எதைக் கணக்கிடுவது என்று சுழற்றுவதற்கு முன்னர் சிந்தித்தான். பொறியோ கேட்டதையெல்லாம் தரும். ஏன் கேட்டாய் என்று கேட்காது. ஆண்களிடம் மட்டும் பார், முதியோரிடம் மட்டும் பார், நெட்டையரிடம் மட்டும் பார் என்று ஆணையிட்டுக்கொண்டே போனால், எங்காவது ஒரு மூலையில் விரும்பிய விடை சிக்கும். சிக்கியதை மட்டும் அச்சிட்டால் அது கைராசிக்காரரின் பழைய வித்தையே.

இதனை எள்ளி நகையாடிய நிகழ்ச்சி ஒன்று 1988இல் நடந்தது. மாரடைப்பு வந்தவுடன் ஆஸ்பிரின் கொடுத்தால் பயனுண்டா என்று 16 நாடுகளிலே 417 மருத்துவமனைகளில் 17,187 நோயாளிகளிடம் ஆக்சுபோர்டு ஆய்வாளர்கள் சோதித்தனர். வெற்று மாத்திரை பெற்ற 8,600 பேரில் ஐந்து வாரத்தில் இதயம், இரத்தக்குழாய் நோயால் மாண்டோர் 1,016. ஆஸ்பிரின் பெற்ற 8,587 பேரில் 804. ஐயத்துக்கே இடமில்லாத நன்மை. அதுவும் சில காசு விலையுள்ள மாத்திரையால்! ஏட்டின் ஆசிரியர்கள், வயது வாரியாக, வகை வாரியாகப் பிரித்துக் காட்டுமாறு கேட்டனர். பிரித்தால் பொய் விளையும் என்று ஆய்வாளர்களுக்குத் தெரியும். சரி, காட்டுகிறோம், எங்கள் பட்டியல் ஒன்றும் கூடவே வரும் என்றார்கள். பிறந்த தேதியைக் கொண்டு நோயாளிகளை ராசி வாரியாகப் பிரித்தார்கள்!

மிதுன ராசிக்காரர்க்கும் துலா ராசிக்காரர்க்கும் ஆஸ்பிரின் உதவவில்லை. சற்றே கெடுதல் போலவும் தோன்றிற்று. அவ்விரு ராசியினரில் ஆஸ்பிரின் உண்டோரில் மாண்டவர் 150, வெற்று மாத்திரை உண்டோரில் 147. ஏனைய பத்து ராசிக்காரர்க்கோ 869 சாவு 654 ஆகக் குறைந்தது! சோதிடன் கண்டால் துள்ளிக் குதிப்பான். கணக்கோ அமைதியாகச் சொல்கிறது: ஒன்றுமில்லாத பொருளைக்கூடப் பன்னிரண்டு கூறாக்கித் தனித்தனியே சோதித்தால், இருபதில் ஒன்று என்ற கோட்டை ஏதேனும் ஒரு கூறாவது தாண்டும் வாய்ப்பு 46 விழுக்காடு. ஏறத்தாழப் பாதி! பெயர் பெற்ற லான்செட் ஏட்டிலே, மெய்யான ஆய்வின் நடுவே, அந்த ராசிப் பட்டியல் அச்சேறியது. ராசி என்றவுடன் எல்லோரும் சிரித்தார்கள். வயது என்றும் எடை என்றும் அதே பிழை வந்தால் சிரிக்கத் தோன்றுவதில்லையே என்பதைக் காட்டவே அவர்கள் ராசியைத் தேர்ந்தார்கள்.

இன்று முறையான சோதனைகளிலே, யாருக்கு எது சென்றது என்று அறியும் முன்னரே, எதை எண்ணப் போகிறோம், எப்படிக் கணக்கிடப் போகிறோம் என்பதை எழுதி முடித்துவிடுகிறார்கள். இடையிடையே எட்டிப் பார்ப்பதற்கும் விதி உண்டு. ஐந்து முறை எட்டிப் பார்த்து ஒவ்வொரு முறையும் இருபதில் ஒன்று என்ற கோட்டையே பிடித்தால், பொய் வெற்றியின் வாய்ப்பு 5 விழுக்காட்டிலிருந்து 14ஆக ஏறும். ஆகவே தொடக்கத்திலே பார்ப்போருக்கு மிகக் கடுமையான கோடு. தொடங்கும் முன்னரே பொதுப் பதிவேட்டில் பதிவு செய்யாத சோதனைகளின் முடிவை வெளியிடமாட்டோம் என்று தலைசிறந்த மருத்துவ ஏடுகள் 2005இல் வாயிலை அடைத்தன. இந்தியாவின் பதிவேடு 2007 ஜூலையிலே திறந்தது. 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயமாயிற்று. கட்டணமின்றி எவரும் அதனைப் பார்க்கலாம். எத்தனை பேரைச் சேர்க்கப் போவதாகச் சொன்னார்கள், எதை அளக்கப் போவதாகச் சொன்னார்கள் என்று குறித்துக்கொண்டு, பின்னர் ஏட்டில் வந்த கட்டுரையை அருகில் வைத்து வரி வரியாக ஒப்பிடலாம். அதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை.